சென்றாயன் வண்டிக்கு ரேஸ் செட்டிங்

“பாய், வண்டியை ரோட்டுக்கு செட் பண்றதா, ரேஸுக்கு செட் பண்றதா? நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க,” என்றாள் ராணியம்மாள்.

ஹயாத் பாஷா அப்போது ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கேள்வி காதில் விழுந்ததும் எழுந்திருக்கப் பார்த்து நெற்றியை அச்சில் இடித்துக்கொண்டார். தேய்த்துக்கொண்டே வெளியே வந்தால், பட்டறை வாசலில் ஒரு டிராக்டர் நிற்கிறது. அதன் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்த பழைய பச்சை ஆஸ்டின் கார். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தர்மபுரி வரைக்கும் டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து வந்த ராணியம்மாள், புடவைத் தூசியைக்கூடத் தட்டாமல் பதிலுக்குக் காத்திருந்தாள்.

“ரேஸுக்கா? இப்ப எதுக்குங்கம்மா அதெல்லாம்?” என்றார் ஹயாத் பாஷா. குரல் அவருடையது மாதிரி இல்லை.

“அவரு சொல்லுவாரில்ல, ரோட்டு செட்டிங் வேற, ரேஸ் செட்டிங் வேறன்னு. ரேஸுக்குப் போறப்பல்லாம் உங்க பட்டறையில வுட்டு மாத்திக்கிட்டுத்தானே போவாரு? அவரு போயி ரெண்டு வருசமாச்சி. வண்டி மாட்டுக் கொட்டாய்ல கெடந்து துருப்புடிக்குது. மறுபடியும் ஓடணும். எந்த செட்டிங்ல ஓடணும்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

இந்த இடத்தில் ஒரு சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஹயாத் பாஷா மேல் உங்களுக்கு மரியாதை குறையும். குறையட்டும். அவருக்கே அவர் மேல் அது மிச்சமில்லை.

ராணியம்மாளின் புருஷன் சென்றாயன் மெட்ராஸ் பக்கத்துச் சோழவரம் ரேஸ் மைதானத்தைக் கண்ணால்கூடப் பார்த்தவர் இல்லை. மாதம் மூன்று நாள் பிராக்டிஸ், வருஷத்துக்கு ஒரு தடவை ரேஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவர் போன இடம் மொரப்பூர். அங்கே ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் காவேரி என்று ஒருத்தி இருந்தாள். கொஞ்ச நாளில் ஒரு பெண் குழந்தையும் இருந்தது. மற்ற நாளெல்லாம் அப்பா ரேஸில் இருப்பதாக அந்தக் குழந்தையிடமும் சொல்லி வைத்திருந்தார். அந்த வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு நேராக ஹயாத் பாஷா பட்டறைக்கு வருவார். ஹயாத் பாஷா கார்க் கதவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஒரு நம்பரை எழுதுவார். சக்கரத்தில் கொஞ்சம் மண், கண்ணாடியில் கொஞ்சம் எண்ணெய், சென்றாயன் சட்டையில் கொஞ்சம் கிரீஸ். ரேஸ் வண்டி தயார், ரேஸ்காரரும் தயார்.

முதல் தடவை அது சின்ன உதவியாகத்தான் இருந்தது. பட்டறைக்கு ரோட்டோரம் இடம் பிடித்துக் கொடுத்தவரே சென்றாயன்தான். அவர் வந்து, “ஒரு நம்பர் மட்டும் எழுதிக் குடு பாய், வேற ஒண்ணும் வேணாம்” என்றால் எப்படி மறுப்பது? அறுபத்தொன்றில் எழுதின அந்த ஒரு நம்பர் பதினோரு வருஷம் ஓடியது. வருஷா வருஷம் பிப்ரவரியில் சேலத்துப் பாத்திரக் கடையில் ஒரு கப் வாங்கிப் பெயர் வெட்டிக்கொள்வதும் அதோடு சேர்ந்தது. எப்போதும் இரண்டாம் பரிசுதான். முதல் பரிசு என்றால் படம் பேப்பரில் வர வேண்டும், மூன்றாம் பரிசு என்றால் ஊரில் மதிப்பிருக்காது, அதனால் இரண்டாவதே நிம்மதி என்று யோசனை சொன்னவர் வேறு யாருமில்லை, இந்த ஹயாத் பாஷாதான்.

சென்றாயன் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். துக்கம் கேட்கப் போன ஹயாத் பாஷாவை ராணியம்மாள் எல்லாருக்கும் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். எங்க வூட்டுக்காரருக்கு ரேஸ் வண்டி தயார் பண்ணிக் குடுத்தவரு இவருதான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நாற்காலிக்கு மேலே அலமாரியில் பதினோரு கப்புகள் வரிசையாக இருந்தன. கொடுத்த காபியை ஹயாத் பாஷா நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார். ரம்ஜானுக்கு அரிசியும் மாம்பழக் காலத்தில் ஒரு கூடை மாம்பழமும் அந்த வீட்டிலிருந்து தவறாமல் வரும். அந்த வருஷமும் வந்தது. மனைவி ஷரீபுன்னிசா நறுக்கிக் கொடுத்தபோது, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆகவே ராணியம்மாள் கேள்வி கேட்டு நின்றபோது ஹயாத் பாஷா மனசில் ஒரே கணக்குத்தான். இந்தக் காரை ரேஸுக்கு செட் பண்ணினால் இவள் சோழவரம் வரைக்கும் போவாள். அங்கே போய் என் வூட்டுக்காரரு சென்றாயன் என்பாள். எந்தச் சென்றாயன் என்பார்கள். அதோடு இந்தப் பெண்பிள்ளையிடம் மிச்சமிருப்பதும் போய்விடும். புருஷன் போய்விட்டான், பிள்ளை குட்டி கிடையாது. பதினோரு கப்புதான் பாக்கி.

“ரோட்டு செட்டிங்கே போதுங்கம்மா,” என்றார். சொன்னதோடு விட்டிருக்கலாம். காரணமும் சொன்னார். ரேஸ் செட்டிங் என்றால் ஸ்பிரிங்கை இறக்கிக் கட்ட வேண்டும், சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முதுகெலும்பு கழன்றுவிடும் என்றார். சைலன்சர் இருக்காது, காது செவிடாகும் என்றார். எஞ்சின் சூடு காலைப் பொசுக்கும், நின்றால் அணைந்துவிடும், பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும் என்றார். போன வருஷத்திலிருந்து பெட்ரோல் ஏறின ஏற்றத்தில் கார் வைத்திருந்தவர்களே டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போன காலம் அது.

ராணியம்மாள் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கண் கலங்கியது.

“இத்தனை கஷ்டப்பட்டா அவரு அந்த வண்டியை ஓட்டுனாரு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே. அப்ப ரேஸ் செட்டிங்லயே பண்ணிடுங்க, பாய்.”

டிராக்டர் கிளம்பிப் போனது. கார் பட்டறையில் தங்கிவிட்டது.

அடுத்த வாரம் ஹயாத் பாஷா பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் ஆள் மூலம் தகவல் சொல்லி அனுப்பினார். ரேஸ் சாமான்கள் எல்லாவற்றையும் சென்றாயண்ணன் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார், அவை இல்லாமல் ரேஸ் செட்டிங் பண்ண முடியாது, ரோட்டு செட்டிங்தான் என்று. இதோடு தொல்லை முடிந்தது என்று நிம்மதியாக ஒரு டீ குடித்தார்.

மறுநாளே ராணியம்மாள் ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ரேஸ் சாமான் எல்லாம் வீட்டில்தான் இருக்கிறது, அவர் பூட்டி வைத்திருந்தார், விருந்தாளிகள் வந்தால் மட்டும் திறந்து காட்டுவார் என்றாள். பெட்டியைத் திறந்தாள். ஹயாத் பாஷாவுக்கு உள்ளே இருந்த ஒவ்வொன்றும் அடையாளம் தெரிந்தது. ஏனென்றால் எல்லாமே அவர் குப்பையில் போட்டவை. லாரி வால்வு ஒன்று, பம்புசெட் புல்லி ஒன்று, பல் போன கியர் பினியன் ஒன்று, ஷரீபுன்னிசா இரண்டு வருஷமாகத் தேடின தையல் மிஷின் சக்கரம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தேங்காயெண்ணெய் தடவி, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

“ஒவ்வொண்ணா பேரு சொல்லுங்க பாய், எழுதி வெச்சிக்கறன்,” என்று ஒரு நோட்டை எடுத்தாள்.

அன்றைக்கு ஹயாத் பாஷா வாயில் வந்த பெயர்களை எந்த எஞ்சினியரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பம்புசெட் புல்லிக்கு ‘டபுள் ஸ்பீடு டிரம்’ என்று பெயர் வைத்தார். தையல் மிஷின் சக்கரத்தை ‘ரேஸ் பேலன்ஸர்’ என்றார். எழுதிக்கொண்டே வந்தவள், பினியனுக்கு என்ன பெயர் சொன்னீர்கள் என்று திரும்பக் கேட்டாள். முதலில் சொன்னது அவருக்கு மறந்துபோயிருந்தது. வேறொன்று சொன்னார். அவள் நிமிர்ந்து ஒரு தரம் பார்த்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

அன்று சாயந்திரம் வீட்டில் ஷரீபுன்னிசாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பதிமூன்று வருஷத்தில் முதல் முறையாகச் சொல்கிறார். அவள் பாதி கேட்கும்போதே கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அந்தம்மா கொடுத்த அரிசியைத் தின்றுகொண்டு இதையா செய்தீர்கள் என்று கேட்டாள். நாளைக்கே பஸ் ஏறிப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள். இவர், சொன்னால் அந்தம்மா உடைந்துபோய்விடுவார்கள் என்றார்.

“அவங்க உடையறதுக்கா பயப்படறீங்க? நீங்க அவங்க மூஞ்சில முழிக்கணுமேன்னு பயப்படறீங்க,” என்றாள் ஷரீபுன்னிசா.

ஆனாலும் பஸ் ஏறவில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு வழி கண்டுபிடித்தார்.

ரேஸ் வண்டி என்றால் ரேஸ் சங்கத்திலிருந்து காகிதம் வர வேண்டும், அது வராமல் ஒரு ஆணியைக்கூடத் திருப்பக் கூடாது, சட்டம் என்று ராணியம்மாளிடம் சொன்னார். மெட்ராஸ்காரர்கள் எங்கே பதில் போடப் போகிறார்கள் என்பது அவர் நம்பிக்கை. ராணியம்மாள் ஹைஸ்கூல் குமாஸ்தா நஞ்சப்பனைப் பிடித்து இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதச் சொல்லி அனுப்பினாள். பத்தே நாளில் பதில் வந்துவிட்டது. நம்முடைய கெட்ட காலத்துக்குத்தான் தபால் இத்தனை ஒழுங்காக வரும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்தாள். “நீங்க படிச்சிச் சொல்லுங்க,” என்று நீட்டினாள்.

ஹயாத் பாஷாவின் இங்கிலீஷ் ஸ்பேர் பார்ட்ஸ் டப்பாக்களில் கற்றது. இரண்டே வரிக் கடிதத்தில் அவருக்குப் புரிந்தவை சென்றாயன் என்ற பெயரும், ‘நோ’வும், ‘ரெக்கார்டு’ம்தான். அது போதுமானதாக இருந்தது. இங்கேயே விஷயத்தை முடித்துவிடலாம். ரேஸ் செட்டிங் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு பொய் சொன்னால் போதும், இதோடு தலைவலி விட்டது. அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ராணியம்மாள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சென்றாயண்ணன் மாதிரி ஓட்டுன ஆளு ரெக்கார்டுலயே இல்லன்னு எழுதியிருக்காங்கம்மா,” என்றார்.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பிரயோஜனம். ராணியம்மாள் கடிதத்தை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நல்லாப் படிச்சீங்க, பாய். அப்ப வேலையை ஆரம்பிச்சிடுங்க,” என்றாள்.

இப்போது ஹயாத் பாஷா கடைசித் தந்திரத்தில் இறங்கினார். வெளியே ரேஸ், உள்ளே ரோட்டு. பின் சீட்டைக் கழற்றினார். பம்பரைக் கழற்றினார். சைலன்சரைக் கழற்றி நேர்க்குழாய் வைத்தார். கார் கத்தின கத்தலில் பக்கத்து மிளகாய் மண்டியில் படுத்திருந்த ஆள் எழுந்து வந்து பார்த்தான். எஞ்சினில் மட்டும் கை வைக்கவில்லை. ரோட்டு எஞ்சின் ரோட்டு எஞ்சினாகவே இருந்தால் ராணியம்மாளுக்கே சலித்துவிடும், இரண்டு முறை ஊரைச் சுற்றிவிட்டுக் கொட்டாயில் நிறுத்திவிடுவாள் என்று நினைத்தார். பதினோரு வருஷப் பழக்கம், கதவில் நம்பரை மட்டும் கை தானாகவே எழுதிவிட்டது.

ராணியம்மாள் வந்து பார்த்தாள். அழகாயிருக்கிறது என்றாள். பிறகு சென்றாயனின் கைக்கடிகாரத்தை மடியிலிருந்து எடுத்தாள்.

“தொப்பூர் கணவாயை அவரு ஒம்பது நிமிசத்துல ஏறுவாராம். வாங்க, பாக்கலாம்.”

தொப்பூரில் இறங்கிப் போய், கீழே இருந்து திரும்பி ஏறினார்கள். சத்தம் பிரமாதமாக இருந்தது. அதைத் தவிர ஒன்றும் பிரமாதமாக இல்லை. முதல் வளைவிலேயே புளி மூட்டை ஏற்றின லாரி ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவன் காரின் நம்பரைப் பார்த்தான், சத்தத்தைக் கேட்டான், பிறகு மிகுந்த மரியாதையோடு ஒரு கயிற்றை எடுத்துக் காட்டி, கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்டான். மூன்றாவது வளைவில் ரேடியேட்டர் கொதித்தது. மேலே வந்து சேர்ந்தபோது கடிகாரத்தில் இருபத்தாறு நிமிஷம் ஆகியிருந்தது. டீக்கடையில் நின்ற டிரைவர்கள் எல்லாரும் இந்த நம்பர் போட்ட காரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன், ரேஸில் எத்தனாவது என்று கேட்டான்.

ஹயாத் பாஷா தலை நிமிரவில்லை. பெட்ரோல் கலப்படம் என்று முணுமுணுத்தார்.

ராணியம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாயிருந்திருக்கும். அவள் கடிகாரத்தைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இது பத்தாது பாய். பாக்கறவங்க சிரிக்கறாங்க. அவரு பேருக்கு இப்படி ஆவக் கூடாது. நெசமாவே ஓடணும்.”

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த ‘நெசமாவே’ ஹயாத் பாஷா காதில் இருந்தது. இந்தம்மாவுக்கு இந்தக் காரிடமிருந்து ஒன்றே ஒன்று வேண்டியிருக்கிறது, நிஜம். அதைத்தான் பதிமூன்று வருஷமாக இவர் கொடுக்கவில்லை. உண்மையை வாயால் சொல்லத் துணிச்சல் இல்லாதவன் கையாலாவது செய்யட்டும் என்று முடிவு பண்ணினார்.

ஹயாத் பாஷாவுக்கு ரேஸ் செட்டிங் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். வாலிபத்தில் பெங்களூரில் ஒரு துரையின் ரேஸ் வண்டிகளுக்கு நாலு வருஷம் வேலை செய்தவர். தர்மபுரிக்கு வந்த பிறகு அந்த வித்தைக்கு இங்கே வேலை இல்லை. வித்தை தெரிந்த கை, அத்தனை வருஷமும் சுண்ணாம்பில் நம்பர்தான் எழுதியது. இப்போது அந்தக் கை ஒன்றரை மாதம் வேறு வேலை பார்க்கவில்லை. லாரிக்காரர்கள் திட்டிக்கொண்டே சேலத்துக்குப் போனார்கள். எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றிச் சேலம் கொண்டுபோய்ச் சீவிக்கொண்டு வந்தார். இரண்டாவது கார்புரேட்டர் ஒன்றை பெங்களூரில் தேடிப் பிடித்தார். ஸ்பிரிங்கை இறக்கிக் கட்டினார். பாரம் குறைய வேண்டும் என்று முன்னால் டிரைவர் சீட்டைத் தவிர மற்றதையும் கழற்றிப் போட்டார். ஒரு நாள் எஞ்சினைக் கிளப்பி விட்டுவிட்டு, அந்த உறுமலைக் கேட்டபடி தனியாக நின்றார். சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. இதை அறுபத்தொன்றிலேயே செய்து, சென்றாயனை உண்மையிலேயே சோழவரத்துக்குத் துரத்தியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

தனியாகத் தொப்பூர் போய் ஏறிப் பார்த்தார். எட்டரை நிமிஷம். டீக்கடைக்காரர்கள் இந்தத் தடவை எழுந்து நின்று பார்த்தார்கள். திரும்பி வந்து ஷரீபுன்னிசாவிடம், வண்டியை ஒப்படைக்கிற அன்றைக்கே உண்மையையும் ஒப்படைத்துவிடுகிறேன் என்றார். அவள் நம்பவில்லை. அவரும் பாதிதான் நம்பினார்.

ஒப்படைக்கிற நாள் வந்தது. ராணியம்மாள் நல்ல புடவை கட்டி, ஒரு துணிப்பையோடு வந்திருந்தாள். உட்கார இடம் இல்லாததைப் பார்த்துவிட்டு, நாலு சாக்கை மடித்துப் போடச் சொல்லி அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“மொரப்பூர் ரோட்டுல போங்க,” என்றாள்.

ஹயாத் பாஷா கிளட்சிலிருந்து காலை எடுத்தார். சேலம் ரோடு அகலமானது என்றார். கிருஷ்ணகிரி ரோடு இன்னும் நல்லது என்றார். மொரப்பூர் ரோட்டில் பள்ளம், மாட்டு வண்டி, ரயில்வே கேட் வேறு, நின்றால் எஞ்சின் அணைந்துவிடும் என்று கெஞ்சினார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மொரப்பூர் ரோடு என்றாள் மறுபடியும்.

கார் பறந்தது. ஹயாத் பாஷா வேகத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. கேட் மூடியிருக்கக் கூடாதே என்பது ஒன்றுதான் கவலை. தாண்டிவிட்டால் ஸ்டேஷன் தெருவை ஒரே மூச்சில் கடந்து அரூர் ரோட்டில் விழுந்துவிடலாம். காவேரி வாசலில் நின்றாலும், கார் போகிற வேகத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது.

கேட் மூடியிருந்தது. கார் நின்றது. சொன்னது போலவே எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று, முடிவே இல்லாமல், மெதுவாக வந்துகொண்டிருந்தது. எதிர்ப் பக்கம் ஸ்டேஷன் கூரை தெரிந்தது.

அங்கே உட்கார்ந்திருக்க ஹயாத் பாஷாவால் முடியவில்லை.

“அம்மா, நான் ஒண்ணு சொல்லணுங்க. சொன்னப்பறம் நீங்க செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கறன்.”

“சொல்லுங்க.”

“சென்றாயண்ணன் சோழவரம் போனதே இல்லீங்க. ஒரு நாளும் போனதில்ல. கதவுல நம்பரு நான் எழுதுனது. கப்பெல்லாம் சேலத்துல வாங்குனது. நீங்க எண்ணெய் தடவி வெச்சிருக்கீங்களே, அது அத்தனையும் என் பட்டறைக் குப்பை. அந்த லெட்டர்லயும் அவரு யாருன்னே தெரியாதுன்னுதாங்க எழுதியிருந்தாங்க. அவரு போனது இங்க. இந்த ஸ்டேஷன்கிட்ட காவேரின்னு ஒரு பொண்ணு. அங்கதான் அவரு மாசா மாசம் வந்தாரு.”

ராணியம்மாள் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, இன்னொரு பெட்டி.

“உங்க வூட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டே இதைச் செஞ்சன். உங்களைப் பாக்கறப்பல்லாம் சொல்லணும்னு நெனப்பன், சொல்ல மாட்டன். தப்பு பண்ணிட்டன். மன்னிச்சிடுங்கன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு யோக்கியதை இல்லீங்க.”

ஐம்பது வயசு மனுஷன், ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். வண்டி கெட்டுப்போனதற்கு இப்படியும் ஒரு மெக்கானிக் அழுவாரா என்று ஒரு பெரியவர் ஆச்சரியப்பட்டார்.

கடைசிப் பெட்டியும் போனது. ராணியம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“கேட்டு தொறந்துட்டாங்க. வண்டியை எடுங்க,” என்றாள்.

அவ்வளவுதான். திட்டு இல்லை, அழுகை இல்லை. எஞ்சின் கிளம்பவும் இல்லை. ஜாஸ்தி சூடானால் அது தள்ளினால்தான் கிளம்பும். பஸ்ஸிலிருந்து பத்துப் பேர் இறங்கி வந்து தள்ளினார்கள். தண்டவாளத்தைத் தாண்டினதும் ஒரு உறுமலோடு பிடித்துக்கொண்டது.

“இடது பக்கம் திருப்புங்க,” என்றாள் ராணியம்மாள்.

இடது பக்கம் ஸ்டேஷன் தெரு. போச்சு, சண்டை போடத்தான் போகிறாள் என்று ஹயாத் பாஷா நினைத்தார். போடட்டும், அந்த உரிமை அவளுக்கு இல்லாமல் யாருக்கு இருக்கிறது? முதல் அடி தன் மேல் விழட்டும், காவேரிக்கு முன்னால் தான் போய் நிற்பது என்று முடிவு செய்துகொண்டார். எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. வேப்பமரத்து வீட்டுக்கு நேராக வந்ததும், நிறுத்துங்க என்று கையைக் காட்டினாள்.

சத்தம் கேட்டுத் தெருவே வாசலுக்கு வந்திருந்தது. காவேரி கதவருகே ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். ஹயாத் பாஷா அவசரமாக இறங்கி, ராணியம்மாளுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றார். என்ன பேசுவது என்று தெரியாமல், வணக்கம் என்றார்.

அவர் இடுப்பை ஒட்டி ஒரு சிறுமி புகுந்து ஓடினாள். பத்து வயசிருக்கும், பள்ளிக்கூடப் பாவாடை சட்டை, ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்திருந்தது. கார்க் கதவில் இருந்த நம்பரைத் தொட்டுப் பார்த்தாள், எஞ்சின் சூட்டில் கையைச் சுட்டுக்கொண்டாள், அப்புறம் சாக்கிலிருந்து எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்த ராணியம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டாள்:

“பெரியம்மா, எங்கப்பா ரேஸே ஓட்டலன்னு இனிமே ஸ்கூல்ல யாரும் சொல்ல முடியாதில்ல?”